சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பெயர் அது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய காம்பராக்களில், எங்களுக்கு அடுத்தது அவருடையது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அவர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கமிருந்து என் அம்மா, சுடுதண்ணி குடிங்கண்ணே என்று குரல் கொடுப்பார். அப்படிப் பழகிய மனிதரின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கோபம் ஆற வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். இரத்த உறவு ஒன்றும் கிடையாது. நான் பசறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர், தலையில் நரை விழுந்த பிறகும் அவருக்கு மட்டும் பாப்பா. பள்ளிக்கூடத்து வாசலில் வேனை மெதுவாக்கி, பாப்பா தேங்கா வேணுமா என்று ரோட்டிலிருந்து கத்துவார். வகுப்பே சிரிக்கும். அந்தப் பாடம் அதோடு சரி.

தோட்டத்தில் அவர் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஸ்டோரில் கொண்டுபோய் இறக்குவது வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர்தான். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த சேமலாபக் காசில் ஒரு பழைய வேனை வாங்கினார். வாங்கும்போதே அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்திருந்தது. பசறை கராஜ்காரர் பார்த்துவிட்டு, சின்ன வேலை, ஒரு பகல் விட்டுவிட்டுப் போங்கள் என்றாராம். இவர் விடவில்லை. அன்றிலிருந்து வேனை எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்து, மூஞ்சி பள்ளத்தைப் பார்க்க, முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துத்தான் நிறுத்துவார். கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டால் வேன் தானாக உருளும். இரண்டு முழம் உருண்டதும் கியரைப் போடுவார், உறுமிக்கொண்டு கிளம்பிவிடும்.

பதுளைப் பக்கத்தில் சரிவுக்கு என்ன பஞ்சம். ஆனால் சமதரையாக இருக்கிற இடங்களில்தானே மனிதர்களுக்கு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தமாட்டார். பேங்குக்கு முன்னால் நிறுத்தமாட்டார். பிரதேச செயலகம் சமதரையில் இருந்ததால் அங்கே ஒருநாளும் போனதில்லை என்று நான் கோபத்தில் சொல்வதுண்டு. அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

நான் வாடகைக்கு இருக்கிற வீடு மேட்டில் இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் நல்ல சரிவு. செவ்வாய்க்கிழமைதோறும் பின்னேரம் அங்கே வந்து நிற்பார். வீட்டுச் சொந்தக்காரருடைய ஆட்டோ வெளியே போக வழியிருக்காது, அவர் மேல்மாடியிலிருந்து என்னைத்தான் ஏசுவார். மாமாவை உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார். இப்போது என்னோடு இருக்கிற அம்மா பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு கேட்டுக்குப் போவார். இவர் ஒரு கையை வேன் கதவில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கோப்பையைப் பிடித்து, நின்றபடி குடிப்பார். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அதில் நாய் ஏறி உட்கார்ந்தது.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கினது, ஊரில் எந்தச் சந்தியிலும் பார்க்கிற சாதாரண நாய். அதற்கு அவர் வைத்த பெயர் தொரை. தோட்டத்தில் மனேஜரைத்தான் தொரை என்போம். அந்த நாய் வேனில் முன் இருக்கையில், டிரைவருக்கு இடது பக்கம், ஜன்னலுக்கு வெளியே மூஞ்சியை நீட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி போகும். ஜீப்பில் மனேஜர் போகிற அதே தோரணை. 'தொரை இன்னும் சாப்பிடல', 'தொரைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல' என்று அவர் முகம் மாறாமல் சொல்லும்போது பழைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் வாய் எப்போதும் நாய்க்குத்தான். அம்மா அவருக்கென்று சுட்டுக் கொடுத்த ரொட்டியில் பாதி தொரையின் வயிற்றுக்குள் போகும். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிபிலைப் பக்கம் போய்த் தேங்காய் வாங்கி, லுணுகலை, பசறை என்று மேலே ஏறி, தோட்டம் தோட்டமாக விற்பதுதான் பிழைப்பு. வேனின் பின்பக்கம் தேங்காய்ச் சாக்குகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, கயிற்றில் தொங்கும் உடுத்துகிற சாரம் இரண்டு. அதுதான் வீடு. மழை பெய்தால் கதவைச் சாத்துவார், வெயில் என்றால் திறந்துவிடுவார். ஒருமுறை ரோட்டில் பொலிஸ்காரர் மறித்து எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்க, ரோட்டில்தான் சேர் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். நக்கலடிக்கிறான் என்று நினைத்து அவர்கள் வேனை முழுக்க இறக்கிச் சோதித்தார்கள். அன்றைக்குத் தேங்காய் எல்லாம் பள்ளத்தில் உருண்டு போய்விட்டது. இதைச் சொல்லும்போதுகூட அவருக்குக் கோபம் வரவில்லை. கேட்ட எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி ரோட்டிலேயே கிடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரா என்று கேட்டால், இல்லை. அவரும் ஒருநாள் வரைக்கும் எங்களைப்போலக் காம்பராவில் இருந்தவர்தான். மனைவி இறந்துபோய், மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிறகும், அந்தக் காம்பராவில் விடியற்காலையில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு கார்த்திகை மாதத்து மழை. எங்களுடையது பணிய லயம், அதாவது மலையில் கீழே இருந்த லயம். மேலே தேயிலைக்கு நடுவில் நிலம் வெடித்திருந்தது. அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், மண் சரியும், இனி இந்த லயத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, இன்றைக்கே போங்கள் என்றார்கள். போனோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்கவைத்தார்கள். நான் பசறையிலிருந்து ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாமா நாயோடு போய் வகுப்பறை வாசலில் நின்றார். நாயை உள்ளே விட முடியாது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சமையல் நடக்கிறது என்று அங்கே பொறுப்பாக இருந்தவர் சொன்னார். அவர் சொன்னதிலும் தவறில்லை. மாமா தகராறு எதுவும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துச் சரிவில் வேனை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அதற்குள் படுத்தார். தொடங்கியது அப்படித்தான்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று சொல்லி மற்றவர்களை மூடிக் கிடந்த பழைய ஸ்டோரின் மேல்மாடிக்கு மாற்றினார்கள். அங்கேயும் நாய்க்கு இடமில்லை என்றார்கள். கல்லை எடுத்தார், போய்விட்டார். தற்காலிகம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காணி தருவார்கள், வீடு தருவார்கள், இந்தா அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஸ்டோர் மாடியில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு ஆட்கள் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கின.

நான் அவரோடு போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. நாயை என்னிடம் விடுங்கள், நீங்கள் மற்றவர்களோடு போய் இருங்கள், அங்கே இருந்தால்தான் அதிகாரிகள் வரும்போது கண்ணில் படுவீர்கள் என்பேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை நானே போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம் பாப்பா. அதைப் போட்டுட்டா எங்க வேணும்னாலும் நிப்பாட்டலாம். அப்புறம் எங்கயாவது நின்னுருவேன்."

"நிக்கத்தானே மாமா சொல்றேன்."

"போகச் சொன்னாங்க. எங்க போகணும்னு சொல்லல. அவங்க சொல்ற வரைக்கும் போய்க்கிட்டு இருக்கேன்."

இதை ஒரு ஏச்சாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னார். முப்பது வருஷம் தோட்டத்தில் சொன்னபடி செய்து பழகியவர். போ என்றால் போவார், நில் என்றால் நிற்பார். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும்.

கடைசியில் காணி வந்தது. ரோட்டுக்கு மேல் பக்கம், தேயிலை பிடுங்கி எறிந்த ஒரு மேட்டில், குடும்பத்துக்கு ஏழு பேர்ச், ஒரு சின்ன வீடும் முற்றமும் அடங்குகிற அளவு. சனிக்கிழமை காலையில் பணிய லயத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் காணி காட்டுவார்கள், குடும்பத் தலைவர் நேரில் நிற்க வேண்டும் என்று தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கரில் சொன்னார்கள். மாமாவின் போனில் எப்போதும்போல் சார்ஜ் இல்லை. லுணுகலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். அந்த ரோட்டில் அவரைப் பிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. கண்டக்டர் மறுநாளே, சொல்லிவிட்டேன் டீச்சர், சனிக்கிழமை காலையில் பேர் கூப்பிடுகிறார்கள், வரட்டுமாம் என்று சொன்னேன், தலையாட்டினார் என்றார்.

சனிக்கிழமை நானும் அம்மாவும் மேட்டில் போய் நின்றோம். அதிகாரியின் ஜீப் பதினொரு மணிக்கு வந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் நான்கு மூலையிலும் அடித்திருந்த முளைகளைக் காட்டினார்கள். எங்கள் காணிக்கு அடுத்தது மாமாவுடையது. லயத்தில் எப்படி இருந்தோமோ அதே வரிசை. அம்மாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வருவார், வருவார் என்றேன். மறுபடி கூப்பிட்டார்கள். ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். அந்த ரோட்டில் வளைவு எத்தனை, அத்தனை வளைவுக்கும் ஒரு ஏச்சு தயாராக வைத்திருந்தேன். லுணுகலை டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சரிவில் வேன் நின்றது. யாருக்கோ தேங்காய் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதையும் சேர்த்து ஏசினேன். எவ்வளவு பெரிய காரியம், எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு காலைப் பொழுது அங்கே வந்து நிற்க உங்களுக்கு என்ன கேடு என்று கத்தினேன். தேங்காய் வாங்க வந்த பெண் வாங்காமலே போய்விட்டாள்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"வந்தேனே பாப்பா. அஞ்சரைக்கே வந்துட்டேன். பெரட்டுக்களத்துலதான் நின்னேன், தொரையும் நானும். ஏழு மணி வரைக்கும் நின்னோம். யாரும் வரல, பேரும் கூப்பிடல. பேர் கூப்பிடலன்னா இன்னைக்கு இல்லன்னுதானே அர்த்தம். திரும்பிட்டோம்."

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொன்னால் விளங்காது. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அது நடக்கிற இடம் பெரட்டுக்களம். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போ. பெயர் கூப்பிடவில்லை என்றாலும் திரும்பிப் போ. காலையில் பேர் கூப்பிடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்களின் கால் தானாக அங்கேதான் போகும். ஸ்பீக்கரைக் கேட்டவர்கள் ஸ்டோர் மாடியில் இடம் எது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். இவரிடம் விசாரிக்க நாய்தான் இருந்தது. பணிய லயம் காலியான பிறகு அங்கே பெரட்டும் நடப்பதில்லை. புல் மண்டிக் கிடக்கிற அந்தக் களத்தில், இருட்டோடு இருட்டாக, கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்றதை மாட்டுக்குப் புல்லறுக்கப் போன ஒரு அம்மா பார்த்திருக்கிறார். யாருக்காக நிற்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் பிரதேச செயலகத்துக்கு நடந்த நடை என் செருப்புக்குத் தெரியும். காணிக்குப் பொறுப்பான அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கதிரை போட்டு உட்காரவைத்துக் கேட்பார். பெரட்டுக்களத்துக் கதையைச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"விளங்குது டீச்சர். ஆனா ஆள் நேர நிண்டாத்தான் நான் காணி காட்டலாம். வாற புதன்கிழமை அந்தப் பக்கம் வாறன். நீங்க ஆளை மட்டும் நிப்பாட்டி வையுங்கோ."

ஆளை நிப்பாட்டி வைக்க வேண்டும். இரவு முழுக்க யோசித்தேன். சொல்லி அனுப்பினால் நிற்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் வழக்கம்போல வந்து கேட்டுக்கு முன்னால் நின்றார். அம்மா பிளேன்டீ கொண்டுபோன நேரத்தில், நான் ஒரு கருவாட்டுத் தலையைக் காட்டி நாயைப் பின்பக்கமாகக் கூப்பிட்டு, குசினிக்குள் விட்டுப் பூட்டினேன். இந்த வயதில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் செய்கிற காரியமா இது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தொரையை அனுப்பு பாப்பா," என்றார் மாமா, கேட்டுக்கு வெளியே நின்று.

"நாளைக்குக் காணி காட்டுவாங்க. அது முடியட்டும், தொரையை நானே கொண்டாந்து விடுறேன்."

அவர் கல்லைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், குசினி ஜன்னலைப் பார்த்தார். உள்ளே நாய் கருவாட்டைத் தின்றுவிட்டு ஊளையிடத் தொடங்கியிருந்தது. ஏதாவது ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். வேனுக்குள் ஏறிப் படுத்துவிட்டார். அன்றிரவு வீட்டுக்காரர் ஆட்டோவை வெளியே எடுக்க முடியாமல் என்னை ஏசியதையும், நாய் ஊளையிட்டதையும் பசறையே கேட்டிருக்கும்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். நாயைக் கயிற்றில் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினேன். முன் இருக்கை தொரையுடையது என்று அவர் சொன்னதால் பின்னால் தேங்காய்ச் சாக்கில் உட்கார்ந்துகொண்டு போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் தேங்காய் இடுப்பில் இடித்தது. மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருக்கும். ஜீப் வர நேரம் இருந்தது. எங்கள் காணிக்கு அடுத்த முளைகளைக் காட்டி, இதுதான் மாமா என்றேன்.

அவர் முதலில் ஓரமாகத்தான் நின்றார். பிறகு உள்ளே காலை வைத்தார். குறுக்கே நடந்து பார்த்தார், நெடுக்கே நடந்து பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினார். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளில் என் வீட்டு வாசலைத் தாண்டாத மனிதர் அந்த ஏழு பேர்ச்சுக்குள் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இந்தப் பக்கம் குசினி வச்சா பொகை உங்க பக்கம் வராது," என்றார். "வேனை இங்க நிப்பாட்டலாம், மூஞ்சி ரோட்டைப் பாத்து. தொரைக்கு இந்த மூலை போதும்."

அவருக்கு வீடு வேண்டாம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், ரோட்டில் சுற்றுவதுதான் அவருக்குப் பிடிக்கும், அது ஒரு பிறவி என்று. எவ்வளவு மடத்தனமாகப் பேசியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. அவர் மேட்டோரமாகத் தேடி, ஒரு நல்ல கல்லாகப் பொறுக்கினார். ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் சாய்வாக, சக்கரத்துக்கு என்றே செய்த மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வேனை நிறுத்தப் போவதாகச் சொன்ன இடத்தில் வைத்து, காலால் அழுத்திப் பார்த்தார்.

பத்து மணி ஆனது, ஜீப் வரவில்லை. பதினொரு மணிக்கு நான் போன் எடுத்தேன். பதுளையில் அவசரக் கூட்டம், முடிந்ததும் வருகிறேன் என்றார் அதிகாரி. பகல் மழை பிடித்தது. ஆளுக்கொரு தேங்காய் உடைத்துத் தின்றோம். இரண்டு மணிக்கு எடுத்தபோது, ஜீப் வேறு வேலைக்குப் போய்விட்டது, வந்ததும் புறப்படுகிறேன் என்றார். மூன்றரைக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கரைக்கு எடுத்தேன், அதுவும் இல்லை. மாமா ஒருமுறைகூட மணி என்ன என்று கேட்கவில்லை. காணிக்கு நடுவில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி, பெரட்டில் நிற்கிற மாதிரி நின்றார். உட்காருங்கள் மாமா என்றேன். கூப்பிடும்போது நிற்க வேணும் என்றார்.

இருட்டத் தொடங்கியது. கீழே ரோட்டில் போன எந்த வாகனமும் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னிடம் வந்து கையை நீட்டினார். கயிற்றைக் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நின்னு பாத்துட்டோம்ல பாப்பா," என்றார்.

நான் கயிற்றைக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும். பூட்டி வைக்க எனக்கு என்ன முகம் இருந்தது. அவரைப் பிடித்து நிறுத்தியது நான், வராமல் இருந்தவர்களுக்காகச் சமாதானம் சொல்ல வேண்டியதும் நானா. நாய் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தது. சக்கரத்துக்கு அடியிலிருந்த பழைய கல்லை எடுத்து வேனுக்குள் போட்டார். காலையில் பொறுக்கி வைத்த கல் இருந்த இடத்திலேயே இருந்தது. என்னைப் பசறையில் இறக்கிவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அம்மா பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பிறகு அடுப்பை அணைப்பார். பிபிலையில் கண்டதாகக் கண்டக்டர் ஒருமுறை சொன்னார். மஹியங்கனைப் பக்கம் போய்விட்டார் என்று வேறொருவர் சொன்னார். அங்கே எல்லாம் சமதரை, அந்த வேனை வைத்துக்கொண்டு எப்படி நிறுத்துவார் என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போன் செய்தால், அப்பா எங்கே என்று என்னிடம் கேட்கிறான்.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். போகும்முன் மன்னிப்புக் கேட்டார், கேட்காமல் இருந்திருந்தால் ஏசவாவது முடிந்திருக்கும். புதிதாக வந்தவர், ஆள் நேரில் வரட்டும் என்கிறார். காணி காட்டப்பட்டவர்களுக்கும் இன்னும் வீடு எழும்பவில்லை, முளைகள்தான் நிற்கின்றன. மாமாவின் காணியில் மானாப்புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. சும்மாதானே கிடக்கிறது என்று ஒருவர் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட வந்தார். நான் பிடுங்கி எறிந்தேன். புல்லை விலக்கிப் பார்த்தால் அந்தக் கல் இருக்கிறது.

இனிப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஆறுமா என்று பார்த்தேன், கோபம் ஆறவில்லை. அந்த மனிதர் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு முறை போய் நின்றார். விடியற்காலை இருட்டில் ஒருமுறை, பகல் முழுக்க மழையில் ஒருமுறை. இரண்டு முறையும் அவர் காதில் விழ அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் இங்கே எழுதிவிட்டால், அதுதான் டீச்சர் எழுதிவிட்டாரே என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் எழுதமாட்டேன். கூப்பிட வேண்டியவர்கள் மேட்டுக்கு வரட்டும். அவர் நிற்கும்போது வந்து, சத்தமாக, அவர் காதில் விழக் கூப்பிடட்டும். தொரையும் பக்கத்தில் நிற்கும்.